அடக்கின அடி விழும் ஊர்

டீ கிளாசை வாய்க்குக் கொண்டுபோகும்போது எங்க அண்ணன் கழுத்து திறந்துகொண்டது. யாரும் வெட்டவில்லை, பக்கத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை, கத்தி இல்லை, காற்றுகூட அசையவில்லை, ஆனால் இடது காதுக்குக் கீழே தொடங்கித் தொண்டைக்குழி வரைக்கும் ஒரே இழுப்பு, சீலா மீனைத் துண்டம் போடுகிற மாதிரி. அண்ணன் கிளாசைப் பெஞ்சில் வைத்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சாகப்போகிறவன் கிளாசைக் கவிழாமல் ஒழுங்காக வைத்துவிட்டுச் சரிந்தான், அப்படிப்பட்ட ஆள் எங்க அண்ணன் மெல்க்கியோர். நான் இரண்டு கையாலும் அவன் கழுத்தைப் பொத்தினேன், விரலுக்கு இடையில் சூடாக வந்துகொண்டே இருந்தது, அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு பார்க்கவில்லை.

டீக்கடை சில்வேரா கல்லாவை விட்டு இறங்கி வந்தார். ஆகாயத்திலிருந்து ஒரு வெட்டு வந்து ஆளைச் சாய்த்ததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருக்கு வந்தது கோபம்.

"எவம்லே கூவாம விட்டது? எந்த நாறப்பய கூவாம விட்டது?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார்.

அம்மா ஏலக்கூடத்திலிருந்து மீன் செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்தாள். அவளும் யார் வெட்டினது என்று கேட்கவில்லை. அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "யாரு கூவல?" என்றுதான் கேட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. எனக்கு விளக்குவதற்குப் பொறுமை கிடையாது, ஒரு தடவைதான் சொல்வேன். எங்க கட்டுமுனை ஊரில், ஒருத்தன் ஓங்கி அடிக்காமல் விட்ட அடி வீணாகப் போகாது. அவன் கையை இறக்கினதும் அது அவனை விட்டுக் கிளம்பி, ஊரில் வேறு யார் மேலாவது போய் விழும். அறை என்றால் அறை, குத்து என்றால் குத்து, வெட்டு என்றால் வெட்டு, அதே கனத்தோடு விழும். யார் மேல் விழும் என்று மாதாவுக்கும் தெரியாது. ஊர் எல்லையைத் தாண்டிப் போகாது, அது மட்டும் தெரியும். பூசைக்கு மணி அடிக்க வந்த பொடியனை அறைய ஓங்கிய உபதேசியார், தவக்காலமாயிற்றே என்று கையை இறக்கிய அன்றைக்குத்தான் இது தொடங்கியது. அதே நொடியில் மீன் கூடை சுமந்து போன ரெஜினா அக்காள் கன்னத்தில் ஐந்து விரல் பதிய, கூடையோடு தரையில் விழுந்தாள். ஏன் இப்படி என்று கொஞ்ச நாள் பேசினார்கள். துறைமுகத்தை ஆழப்படுத்த மண் அள்ளியதால் வந்தது என்றார்கள், கோயிலில் சிறகு வைத்த சம்மனசு சிலைக்குப் புதுசாக வண்ணம் பூசியவன் கண்ணை மாற்றி வரைந்துவிட்டான் என்றார்கள், பிறகு கடல் ஏன் உப்பு என்று யாரும் கேட்காத மாதிரி இதையும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

முதல் வாரம்தான் மோசம். குடித்துவிட்டு வந்த புருசன்மார் வழக்கம்போல அடித்தார்கள், பெண்டாட்டிமார் வழக்கம்போலப் பல்லைக் கடித்து அடக்கினார்கள், அவர்கள் அடக்கினதெல்லாம் ஒரே மத்தியானத்தில் ஆலங்கட்டி மாதிரி ஊர் மேல் இறங்கியது. லாஞ்சு முதலாளி மூக்கு உடைந்தது, சப் இன்ஸ்பெக்டருக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது, வலை பின்னிக்கொண்டிருந்த கிழவன்மார் வரிசையாகக் குப்புற விழுந்தார்கள், படகு அணைகிற ஜெட்டியில் நின்ற மினிபஸ் டிரைவர் ஸ்டியரிங்கிலேயே வாயை உடைத்துக்கொண்டான். இவ்வளவு அடியையா இவளுகள் இத்தனை வருசமாக உள்ளே வைத்திருந்தாளுகள் என்று ஆம்பளைகள் முதல் தடவையாகப் பயந்தார்கள். அடுத்த நாளே ஊர்க்கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: பெண்கள் அடக்கக் கூடாது, ஊர் நன்மைக்காகப் புருசனைத் திருப்பி அடித்துவிட வேண்டும். அடித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அடித்தார்கள்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. கடலில் நங்கூரத்தைத் தூக்கி எறியும்போது கயிற்றில் யார் காலும் சிக்கிவிடாமல் இருக்க "போகுது!" என்று கூவுவது எங்கள் வழக்கம், அதையே இதற்கும் வைத்துக்கொண்டோம். எவனாவது அடக்கிவிட்டால் உடனே வாயைத் திறந்து "போகுது!" என்று கூவ வேண்டும், கேட்டவன் அடுத்த தெருவுக்குக் கூவ வேண்டும், ஊரே பொத்தென்று குந்தி இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொள்ளும், எங்காவது ஒரு அலறல் கேட்கும், எழுந்து வேலையைப் பார்ப்போம். கல்யாணத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் ஹெல்மெட் போட்டிருப்பார்கள். குழந்தைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்னால் போகுது என்று சொல்லப் பழகின. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்கள், "சாமி, நான் அடக்கிட்டேன் சாமி" என்று சொல்லி அழுதார்கள். பொறுமைதான் ஊரிலேயே பெரிய பாவம் ஆயிற்று. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் இருந்தார், வாழ்நாளில் ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை, பிரம்பே வாங்காதவர். அவரைக் கல்லால் அடித்து ஊரை விட்டு விரட்டினார்கள். இப்படி ஒருத்தர் அடக்கிக்கொண்டே இருந்தால் எங்கள் பிள்ளைகள் என்ன ஆவது என்று கேட்டார்கள். நானும் எறிந்தேன். அவர் நெற்றியில் பட்டது என்னுடைய கல்தான்.

என்னை ஊருக்கே பிடிக்கும். பிசிக்ஸ் வாத்தியார் காதைத் திருகினார், நான் அவர் தாடையைப் பெயர்த்தேன், பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது, அவ்வளவுதான் என் படிப்பு. முன்னாலெல்லாம் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துவார்கள். இது தொடங்கின பிறகு, "இஞ்ஞாசி அடி ஒருநாளும் ஊர் மேல விழாது, அடிக்க வேண்டியவனத்தான் அடிப்பான்" என்று பெண்கள் என் தலையைத் தடவினார்கள். அம்மா நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள். அண்ணன் மட்டும்தான், "பெருமப்படாதலே, நீ அடிச்சவனுக்கும் வலிக்கத்தான செய்யும்" என்றான். அவன் மேல்தான் வெட்டு விழுந்தது.

டாக்டர் பத்மாசினி மதுரையிலிருந்து வந்தவர். மனநோய் வைத்தியம் படித்தவர், ஆனால் அவர் வந்தது வைத்தியத்துக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. ஓங்கின கையை மூளை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் அவருக்கு வாழ்நாள் வேலை. நிறுத்துகிறதைப் பற்றி ஆராய இதைவிட நல்ல ஊர் பூமியில் கிடையாது என்று எவனோ சொல்லியிருக்கிறான். வலைக் குடோன் மாடியை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் வைத்து, ஒயர் தொங்குகிற ரப்பர் தொப்பி ஒன்றை எங்கள் தலையில் மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஜில்லென்று பசை போடுவார். திரையில் மீன் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். மீன் வந்த பிறகு பீப்பென்று சத்தம் கேட்டால் அமுக்கக் கூடாது. இவ்வளவுதான் சோதனை, இதற்கு ஒரு டாக்டர் பட்டமா என்று நினைத்தேன்.

"நிறுத்துறதுங்கிறது சும்மா இருக்கிறது இல்ல, இஞ்ஞாசி. அதுவும் ஒரு வேலை," என்றார். "மீனைப் பார்த்ததும் ஒரு வள்ளம் கிளம்புது, அமுக்குன்னு. சத்தம் கேட்டதும் பின்னாலயே இன்னொரு வள்ளம் கிளம்புது, நிறுத்துன்னு. எது முதல்ல கரை சேருதோ அது ஜெயிக்கும். உன் கிட்ட ரெண்டாவது ஜெயிக்கவே இல்ல. ஒரு தடவைகூட."

"சத்தம் லேட்டா வருது டாக்டரம்மா."

"சத்தம் சரியாத்தான் வருது. உன் ரெண்டாவது வள்ளம் கரையிலேயே கிடக்கு."

"அப்ப டீசல் ஊத்துங்க."

அவர் சிரித்தார். முன்பல் ஒன்று பாதி இல்லை, எவனோ அடக்கின குத்து. அதற்கும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. எழுதினதை எல்லாம் பெரிய படிப்பாளிகள் பத்திரிகைக்கு அனுப்பினார். தலைக்குள்ளே கை கிளம்புகிறது, நிற்கிறது, அது வரைக்கும் சரி, நின்ற அடி எங்கே போய் விழுந்தது என்கிற பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அவரும் எதையோ அடக்கியிருக்க வேண்டும், ஐஸ் உடைக்கிற செபத்தியான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தான். அவர் கூவவில்லை. வெளியூர்க்காரர், பழக்கமில்லை என்று விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது.

அண்ணனை அடக்கம் செய்த பிறகு நானும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போனோம். யார் முகம் சரியில்லையோ அவனை இழுத்துப் போட்டு அடித்தோம், ஒருத்தனுக்குக் கை முறிந்தது, ஒருத்தனுக்குக் காது கேட்காமல் போயிற்று, அவர்கள் யாரும் செய்யவில்லை என்று இப்போது தெரியும், அப்போது தெரியாது. அண்ணனுக்குப் பூசை வைத்த அன்று காலையில் தொபியாஸ் மாமா வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் ஏலம் கூறுகிறவர். ஏலக்கூடத்தில் அவர் விலை சொன்னால் ஆழியில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும், துறையிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். அன்றைக்கு அவர் பேசினது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சலேத்து," என்று எங்க அம்மா பேரைச் சொன்னார். "அது என்னோடது."

அம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா தொப்பி மாட்டிவிட்டு, ஒங்களுக்கு ரொம்பக் கோவம் வந்த நேரத்த நெனைங்க, கைய ஓங்குத மாதிரி நெனைங்க, பெறவு அடக்குங்கன்னு சொன்னாவ. நான் என் மருமவன நெனச்சேன். என் மவ பிலோமிய வயித்துப் பிள்ளையோட மிதிச்சான்லா, அவன. அரிவாள எடுத்துட்டேன் சலேத்து, உள்ளுக்குள்ள. கை அசையல, ஆனா எடுத்துட்டேன். ஓங்கிட்டேன். அவ மொகம் நெனப்புல வந்திச்சி, அடக்கிட்டேன்."

"கூவுததுக்கு என்ன?" என்றாள் அம்மா. "ஊரு பூரா கேக்கும்லா ஒன் தொண்ட. கூவுததுக்கு என்ன கேடு?"

"தாடை அசையக் கூடாது, பல்லக் கடிக்கக் கூடாது, எச்சி முழுங்கக் கூடாது, பேசினா கோடு கெட்டுரும்னு சொல்லியிருந்தாவ. படிச்ச பிள்ள சொல்லுதாளேன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். "சொன்னபடி இருந்துட்டேன்."

நான் அவர் வாயில் குத்தினேன். விழுந்தவரை மிதித்தேன், விலா எலும்பு என் குதிகாலுக்குக் கீழே முறிகிறது எனக்குத் தெரிந்தது, நிறுத்தவில்லை. அவர் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. கடைசியில் அம்மாதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தியால செய்ய வேண்டியத காலால செஞ்சு வீணாக்காத," என்றாள்.

மாடிக்கு ஏறினேன். டாக்டர் பத்மாசினி திரையில் வளைந்து வளைந்து போகும் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் விசயம் தெரிந்திருந்தது, கண் வீங்கியிருந்தது. நான் அறைந்தேன். கண்ணாடி பறந்து சுவரில் பட்டு உடைந்தது. அவர் எழுந்து கையை ஓங்கினார், என் முகத்துக்கு நேரே அந்தக் கை நின்றது, இறங்கியது, உடனே ஜன்னலுக்கு ஓடி, மதுரைத் தமிழில், உடைந்த பல் வழியாகக் காற்றுப் போக, "போகுது! எல்லாரும் உட்காருங்க, போகுது!" என்று கத்தினார். முதல் தடவையாகக் கூவினார். கீழே கேஸ் எழுத வந்திருந்த ஏட்டய்யா தொப்பி உருண்டோட மண்ணில் உட்கார்ந்தார், கன்னத்தைத் தடவிக்கொண்டு, வழக்கம்தானே என்று தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"பேசக் கூடாதுன்னு சொன்னது நான்தான்," என்றார் டாக்டர்.

"அப்ப ஒங்களையும் வெட்டணுமா?"

"உன் கணக்குப்படி வெட்டத்தான் வேணும்."

"எனக்குக் கணக்கு வராது, அதான் பள்ளிக்கூடத்த விட்டேன்."

எங்கள் துறையில் எதுவாக இருந்தாலும் ஏலக்கூடத்தில்தான் முடிப்போம், மீன் விலையானாலும் மனுசன் விலையானாலும். கமிட்டி கூடியது. பங்குச்சாமியார் வெட்டு என்றும் சொல்ல முடியாமல் வெட்டாதே என்றும் சொல்ல முடியாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏட்டய்யா, எங்கே கிளம்பின வெட்டு எங்கே விழுந்தது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பஸ் ஏறினார். கடைசியில் கமிட்டி சொன்னது: இஞ்ஞாசி கையில் கத்தியைக் கொடுங்கள், அவன் ஒருத்தன்தான் அடக்காதவன், அவன் வெட்டினால் வெட்டு நேராகத் தொபியாஸ் மேல் விழும், யாருக்கும் சேதம் இல்லை, வேறு எவனிடம் கொடுத்தாலும் கடைசி நேரத்தில் மனசு மாறிவிடுவான், மாறினால் அது எந்த வீட்டுப் பிள்ளை கழுத்திலோ போய் விழும், பிறகு அந்த வீட்டுக்காரன் இவனை வெட்ட வருவான், அது முடியவே முடியாது. இதுதான் தீர்ப்பு. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு யோசிக்கவும் தோன்றவில்லை. எனக்கு அவரை வெட்ட வேண்டும்.

சூறை மீன் வெட்டுகிற கத்தியை அம்மா கல்லில் தீட்டிக் கொடுத்தாள். மத்தியான வெயில் ஏலக்கூடத்துத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தமும் ஐஸ் தண்ணியும் கலந்த தரையில் தொபியாஸ் மாமா முழங்கால் போட்டார், சட்டைக் காலரை அவரே கீழே இழுத்துவிட்டார். ஊர் மொத்தமும் சுற்றி நின்றது. தூண் ஓரமாக அவர் மகள் பிலோமி, மீன் கழுவுகிற அலுமினிய அன்னக்கூடையை வயிற்றுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏல இஞ்ஞாசி," என்றார் மாமா, குனிந்தபடியே. "நல்லா ஓங்கி ஒரே போடா போடு. அடக்கிராத என்ன. ஒன்ன கும்பிடுதேன், அடக்கிராத. என் மவ அங்ஙன நிக்கா."

"வாய மூடும் வே."

"மூடிட்டேன். போன தடவையும் மூடிட்டுத்தான இருந்தேன்."

எவனோ சிரித்துவிட்டான். அம்மா திரும்பிப் பார்த்ததும் அடங்கினான்.

டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அந்த ரப்பர் தொப்பி. "போட்டுக்கிறியா?" என்று கேட்டார். அப்புறம் அவரே அதைப் பார்த்து வெட்கப்பட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "பீப் சத்தம் நான் குடுக்க மாட்டேன்," என்றார். "இந்தத் தடவை உனக்கு யாரும் குடுக்க மாட்டாங்க."

"வெட்டுலே," என்றாள் அம்மா. "ஒங்கண்ணன் கெடந்த கெடப்ப நெனச்சு வெட்டு."

ஓங்கினேன். என் தோளிலிருந்து அந்த வெட்டு புறப்பட்டுவிட்டது, முதல் வள்ளம் கிளம்பிவிட்டது, அது கரைக்கு வருகிற வேகம் எனக்குத் தெரியும், பொறந்ததிலிருந்து தெரியும், எதுவும் அதைப் பிடித்ததில்லை. வெட்ட வேண்டிய இடத்தைப் பார்த்தேன். மாமாவின் பிடரி மயிரில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. டாக்டர் போட்ட பசை. அண்ணன் செத்த அன்றைக்குப் போட்டது. அதற்குப் பிறகு அந்த மனுசன் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே இல்லை. இவ்வளவுதான் பார்த்தேன். மனசு இரங்கியது, மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்கு அவரை வெட்ட வேண்டும், இப்போதும் வெட்ட வேண்டும், ஆனால் எங்கேயோ பின்னால், கரையில் கவிழ்ந்து கிடந்த ஒன்று தண்ணீரில் இறங்கிவிட்டது.

என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். குனிந்திருந்த மாமா பக்கவாட்டில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், பார்த்ததும் உடைந்த விலாவோடு அந்தப் பெரிய தொண்டையைத் திறந்து, அன்றைக்குக் கூவாமல் விட்டதையும் சேர்த்துக் கூவினார்.

"போகுது! எல்லாரும் விழுங்க, போகுது! பிலோமி, விழு மக்கா, வெட்டு போகுது!"

ஊர் மொத்தமும் மீன் தரையில் குப்புற விழுந்தது. தெருத் தெருவாக அந்தக் கூவல் போவது கேட்டது, சில்வேரா கடை, ஐஸ் பேக்டரி, கோயில், பள்ளிக்கூடம் என்று எங்கேயும் ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுகிற சத்தம். நின்றது நான் ஒருத்தன். எனக்குக் கீழே கழுத்துகள். கையால் பொத்தின கழுத்து, முந்தானையால் மூடின கழுத்து, குழந்தையின் கழுத்து மேல் படுத்த தாயின் கழுத்து, ஒயர் சுற்றிய தொப்பியைப் பிடரியில் கவிழ்த்துப் படுத்த டாக்டர் கழுத்து. கையை இறக்கினால் இதில் ஒன்று. வெட்டினால் அந்தப் பசை ஒட்டின கழுத்து. இறக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை என்றால்? அதை யாரும் இந்த ஊரில் செய்து பார்த்ததில்லை. ஓங்கின கை ஓங்கினபடியே நிற்கிற வரைக்கும் அது அடித்ததும் ஆகாது, அடக்கினதும் ஆகாது.

நான் கையை அப்படியே வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருத்தராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எங்கேயும் அலறல் கேட்கவில்லை. "என்னலே, நிக்கான்?" என்றார் சில்வேரா. "வெட்டுவியா மாட்டியா, கடையில பால் பொங்குது." சாயங்காலம் வரைக்கும் காத்திருந்துவிட்டு, காலும் வலித்து, கை ஊன்றி எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. தோள் முதலில் எரிந்தது, பிறகு அழுதேன், பிறகு மரத்தது. வலைக்காரர்கள் ஏலக்கூடத்து உத்திரத்தில் கயிறு கட்டி, முழங்கையில் சுருக்குப் போட்டு, தூங்கினால் கை இறங்காதபடி என்னைத் தொங்கவிட்டார்கள். சாப்பாடு, எழுத்து எல்லாம் இடது கைதான். என்னைச் சுற்றித்தான் இப்போது ஏலம் நடக்கிறது, சூறைக் குவியல் ஒரு பக்கம், நெத்திலி ஒரு பக்கம், நடுவில் நான். மழைக்காலத்தில் கத்தியில் துரு ஏறியது, காக்கை வந்து உட்கார்ந்தது, நகம் வளர்ந்து கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கைக்குள் இறங்கியது. எங்கேயாவது சண்டை வந்தால், "ஏலே, அங்ஙன ஒருத்தன் நிக்கான் பாரு" என்று ஆளைக் காட்டுகிறார்கள், சிலபேர் என்னைப் பார்த்துவிட்டு ஓங்கின கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்க்கிறார்கள், தாக்குப்பிடிக்க முடியாமல் அடித்துவிடுகிறார்கள், அல்லது இறக்கிவிட்டுக் கூவுகிறார்கள். போன வாரம் உபதேசியார் மகன் மண்டை உடைந்தது. எதுவும் மாறிவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டர் பத்மாசினி நாற்காலி போட்டு எதிரே உட்காருவார். தொப்பி மாட்டியே பார்த்துவிட்டார், நானே மாட்டச் சொன்னேன். இரண்டு வள்ளமும் கரைக்கு வராமல் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறதாம், இப்படி ஒரு கோடு எந்தப் புத்தகத்திலும் கிடையாதாம். "ஒண்ணு வெட்டு, இல்லேன்னா இறக்கு இஞ்ஞாசி. ரெண்டுல ஒண்ணு நடந்தாத்தான் இந்தக் கோடு முடியும்," என்பார், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "முடிய வேண்டாம்," என்பார். விழுந்த இடம் பற்றிய பகுதியை எடுக்க மாட்டேன் என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

தொபியாஸ் மாமா ஏலம் முடிந்ததும் தினமும் வந்து என் முன்னால் முழங்கால் போடுவார், காலரை இழுத்துவிடுவார். "இன்னைக்காவது முடிச்சுவிடுலே, எனக்கும் முட்டு வலிக்கி," என்பார். பிலோமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள், அது என் கத்தியைப் பார்த்துக் கையைத் தூக்கியது.

அம்மா அன்றைக்கு அப்புறம் என்னோடு பேசவில்லை. சோறு கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். பெற்ற பிள்ளை ஒருத்தன் கல்லறையில், ஒருத்தன் உத்திரத்தில், அவள் யாரிடம் என்ன பேசுவாள். இன்றைக்குக் காலையில் வந்தாள். சோற்றுப் போகணியைக் கீழே வைத்தாள். என் தோளைத் தொட்டுப் பார்த்தாள், எலும்பும் தோலுமாகக் காய்ந்து கருவாடு மாதிரி ஆகிவிட்டது அந்தத் தோள், அதைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி மீன் தரையில் வைத்தாள், கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் எடுத்துப் போட்டாள், எனக்கு முதுகைக் காட்டி, மாமா முழங்கால் போடுகிற அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவள் பிடரியில் வேர்க்குரு இருந்தது.

"எய்யா," என்றாள். "எறக்குலே. போதும். கூவவும் வேண்டாம், யாரும் குந்தவும் வேண்டாம். நான்லா தீட்டிக் குடுத்தேன், என் மேலயே விழட்டும். கைய எறக்கு மக்கா. அம்மா சொல்லுதேம்லா."

நான் இறக்கவில்லை.